ஒண்ணும் நடக்காத நாள்லயும் அளந்துட்டே இருக்கிறவங்க

நிலநடுக்கம் வந்தா டிவியில கீழ ஓடுற வரியில "அமெரிக்க புவியியல் ஆய்வு மையம் தெரிவித்துள்ளது"ன்னு வரும் பாருங்க, நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு யுஎஸ்ஜிஎஸ் அறிமுகம் அந்த ஒரு வரியோட முடிஞ்சிருது. (அந்த வரியில இன்னமும் ரிக்டர் ரிக்டர்னே போடுறாங்க, பெரிய நிலநடுக்கத்துக்கு அந்த அளவுகோலை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப மொமென்ட் மேக்னிடியூட் தான்.) நான் ஜிஐஎஸ்னு சொல்ற, கம்ப்யூட்டர்ல வரைபட டேட்டாவைக் கையாளுற வேலையில இருக்கிறவன், இவங்க டேட்டாவைத் தொடாம ஒரு வேலை நாள் போறதே அபூர்வம், அதனால இவங்களைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளாவே மனசுல இருந்துச்சு. இப்ப உட்கார வெச்சது 2025-ல அங்க வந்த ஒரு பட்ஜெட் முன்மொழிவு, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

1879 மார்ச் 3-ம் தேதி ஆரம்பிச்ச துறை இது. அப்ப அவங்களுக்கு குடுத்த வேலை அரசு நிலத்தை வகை பிரிக்கிறது, எங்க என்ன கனிமம் இருக்குன்னு பார்க்கிறது, அவ்வளவுதான். முதல் டைரக்டர் கிளாரன்ஸ் கிங். ரெண்டாவதா வந்தவர் ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போர்ல வலது கையை இழந்தவர், அந்த ஒத்தைக் கையோட 1869-ல படகு கட்டிட்டு கொலராடோ ஆத்துல கிராண்ட் கேன்யன் முழுக்க இறங்கி வந்த மனுஷன். அவர் வந்தப்புறம் தான் தண்ணி முக்கியமாச்சு, அப்புறம் நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு, சேட்டிலைட்னு ஒவ்வொண்ணா சேர்ந்து, 1996-ல காட்டுயிர் ஆராய்ச்சியும் இவங்க கைக்கு வந்துருச்சு. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிக்கணும், இவங்களுக்கு யார் மேலயும் அதிகாரம் கிடையாது. சுரங்கத்துக்கு லைசன்ஸ் குடுக்கிறது இவங்க இல்ல, ஃபேக்டரியை மூடச் சொல்றதும் இவங்க இல்ல. அளக்கணும், எழுதி வைக்கணும், கேக்குறவங்க எல்லாருக்கும் குடுக்கணும். என்னைக் கேட்டா இவங்க நம்பரை ரெண்டு பக்கமும் நம்புறதுக்குக் காரணமே இதுதான், கையில பிரம்பு இல்லாதவன் சொல்ற கணக்கு.

எரிமலைக் கதையை மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா இந்தத் துறை எப்படி கத்துக்கிட்டு வந்துச்சுன்னு அதுல தான் முழுசா தெரியும்.

1980 மார்ச்ல வாஷிங்டன் மாகாணத்துல செயின்ட் ஹெலன்ஸ் மலை நூறு வருஷத்துக்கு மேல தூங்கிட்டு எழுந்துச்சு. முதல்ல சின்னச் சின்ன நடுக்கம், மார்ச் 27-ல நீராவி வெடிப்பு, அப்புறம் மலையோட வடக்குப் பக்கம் வீங்க ஆரம்பிச்சுது, நாளைக்கு ஒன்றரை ரெண்டு மீட்டர் கணக்குல மலையே வெளிய தள்ளிக்கிட்டு வருது. அதை தினமும் அளக்கிறதுக்காக கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டுல கோல்ட்வாட்டர் 2-ன்னு ஒரு முகாம் போட்டாங்க. அங்க இருந்தது ஹாரி கிளிக்கன்னு ஒரு மாணவர். மே 17 சாயங்காலம் அவர் கலிஃபோர்னியா கிளம்ப வேண்டி இருந்துச்சு, அவர் இடத்துக்கு டேவிட் ஜான்ஸ்டன்னு 30 வயசு விஞ்ஞானி வந்தார். மறுநாள் ஞாயிறு காலை 8:32-க்கு நிலம் குலுங்கி, அந்த வீங்கின பக்கம் மொத்தமா சரிஞ்சு, அடைச்சு வெச்சிருந்த அழுத்தம் பக்கவாட்டுல வெடிச்சுச்சு. "வான்கூவர்! வான்கூவர்! இதோ வந்துருச்சு!"ன்னு ஜான்ஸ்டன் ரேடியோவுல கத்தினது தான் கடைசி. வான்கூவர்ங்கிறது அவங்க ஆபீஸ் இருந்த ஊர். அவர் உடம்பு கிடைக்கவே இல்ல. மொத்தம் 57 பேர் போயிட்டாங்க.

57 தானான்னு தோணலாம். மலையைச் சுத்தி தடை போட்டிருந்தாங்க, அந்தத் தடையை எடுக்கச் சொல்லி வீடு வெச்சிருந்தவங்க சண்டை போட்டுட்டு இருந்தாங்க, ரெண்டு மாசமா ஒண்ணும் ஆகலையே நாங்க எங்க சாமானையாவது எடுத்துக்கிறோமேன்னு. அது நியாயமான கோபம் தான், நம்ம வீடா இருந்தா நாமளும் அதைத்தான் கேட்டிருப்போம். 17-ம் தேதி ஒரு கூட்டத்தை போலீஸ் துணையோட உள்ள விட்டாங்க, அடுத்த கூட்டம் 18-ம் தேதி காலை 10 மணிக்குப் போறதா ஏற்பாடு. மலை வெடிச்சது எட்டரைக்கு.

அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, 1985 நவம்பர் 13, கொலம்பியாவுல நெவாடோ டெல் ரூயிஸ். வெடிப்பு ரொம்பச் சின்னது. ஆனா உச்சியில இருந்த பனி உருகி, மண்ணையும் கல்லையும் வாரிக்கிட்டு பள்ளத்தாக்கு வழியா சேத்து வெள்ளமா ராத்திரியில இறங்கி, ஆர்மெரோங்கிற ஊரை மூடிருச்சு, 23,000 பேருக்கு மேல செத்தாங்க. வெடிச்சதுக்கும் வெள்ளம் ஊருக்குள்ள வந்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல டைம் இருந்துச்சு. அந்த ஊருக்கு ஆபத்துன்னு காட்டின வரைபடம் கூட ஒரு மாசம் முன்னாடியே தயாராகி இருந்துச்சு. மேட்டுக்கு ஏறி நின்னிருந்தா போதும். இதைப் படிக்கிற நம்ம கடற்கரை ஊர்க்காரங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்ல, 2004 டிசம்பர் 26 காலையில சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்தது நம்ம டைம் 6:28-க்கு, அலை நம்ம கரைக்கு வந்தது கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சு, கருவிங்க பதிவு பண்ணிருச்சு, கரையில நின்னவங்களுக்கு சொல்றதுக்கு ஒரு ஏற்பாடு தான் இல்ல. நம்ம சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்துல வந்ததே 2007-ல தான்.

ஆர்மெரோவுக்கு அப்புறம் 1986-ல யுஎஸ்ஜிஎஸ்ஸும் அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி அமைப்பும் சேர்ந்து ஒரு சின்னக் குழு அமைச்சாங்க. எந்த நாட்டுல எரிமலை முழிச்சாலும், அந்த நாடு கூப்பிட்டா, நில அதிர்வை அளக்கிற சீஸ்மோமீட்டரையும் ரேடியோவையும் பெட்டியில கட்டிட்டுப் போய் உள்ளூர் விஞ்ஞானிகளோட சேர்ந்து வேலை பார்க்கணும். முன்ன நின்னு பேட்டி குடுக்கிறது உள்ளூர் ஆளுங்க தான், இவங்க பின்னாடி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த ஒழுக்கம்.

அந்தக் குழுவுக்குப் பெரிய பரீட்சை 1991-ல பிலிப்பைன்ஸ்ல, பினாட்டுபோ. ஐநூறு வருஷமா சும்மா இருந்த, காடு மூடின மலை, அது எரிமலைன்னே பலருக்குத் தெரியாது. ஏப்ரல் 2-ம் தேதி நீராவி கிளம்புச்சு. பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனத்தோட தலைவர் ரேமுண்டோ புனோங்பாயன், யுஎஸ்ஜிஎஸ்ஸோட கிறிஸ் நியூஹால், இவங்க ரெண்டு குழுவும் மலையைச் சுத்தி கருவி வெச்சாங்க. கந்தக டை-ஆக்சைடு எவ்வளவு வெளிய வருதுன்னு விமானத்துல பறந்து அளந்தாங்க, மே நடுவுல ஒரு நாளைக்கு 500 டன், மே கடைசியில 5,000 டன், அதாவது கீழ புதுசா மாக்மா, உருகின பாறைக் குழம்பு, ஏறி வந்திருக்கு. ஜூன் முதல் வாரத்துல அது திடீர்னு குறைஞ்சுருச்சு. சும்மா பார்க்கிறவங்க அப்பாடா அடங்கிருச்சுன்னு நினைப்பாங்க, இவங்க பயந்தது அப்பதான், வாயு வர்ற வழி அடைச்சுக்கிச்சு, உள்ள அழுத்தம் ஏறுதுன்னு.

ஆனா அதிகாரிங்களை நம்ப வைக்கணுமே. மாரிஸ் கிராஃப்ட்னு பிரான்ஸ் நாட்டு எரிமலை விஞ்ஞானி, உலகம் பூரா எரிமலைகளைப் படம் எடுத்தவர், அவர் எடுத்த காட்சிகளை வெச்சு ஒரு வீடியோ இருந்துச்சு, நெருப்புச் சாம்பல் மேகம் எப்படி ஓடி வரும், சேத்து வெள்ளம் ஒரு ஊரை என்ன பண்ணும்னு ஒவ்வொண்ணா காட்டுற வீடியோ. அதை மேயருங்க, ராணுவ அதிகாரிங்க, ஊர்ப் பெரியவங்கன்னு எல்லாருக்கும் போட்டுக் காட்டினாங்க. ஆர்மெரோ காட்சியைப் பார்த்தப்புறம் தான் பல பேரு மனசு மாறுச்சுன்னு அந்தக் குழுவே எழுதி வெச்சிருக்கு. ஜூன் 9-ல உச்சகட்ட எச்சரிக்கை, 10-ம் தேதி பக்கத்துல இருந்த கிளார்க் விமானப்படைத் தளத்துல இருந்து 14,000 பேருக்கு மேல ரோடு வழியா சூபிக் பே பக்கம் போனாங்க, மலைச்சரிவுல வாழ்ந்த அய்ட்டா பழங்குடி மக்கள்ல பெரும்பாலானவங்க முன்னாடியே இறங்கிட்டாங்க. 15-ம் தேதி புயலும் எரிமலையும் ஒண்ணா வந்துச்சு. பட்டப்பகல்ல கும்மிருட்டு, மலை பக்கம் வெச்ச சீஸ்மோமீட்டருங்க ஒவ்வொண்ணா நின்னு போய், தளத்துல இருந்த ஒண்ணு மட்டும் மிச்சம், அப்பதான் அந்த விஞ்ஞானிங்களே இடத்தை விட்டுக் கிளம்பினாங்க. சாம்பல் 35 கிலோமீட்டர் உயரம் போச்சு, அடுத்த வருஷம் உலகத்தோட சராசரி வெப்பநிலையே அரை டிகிரி பக்கம் குறைஞ்சுது. மழையில ஊறின சாம்பல் கனம் தாங்காம கூரை இடிஞ்சு நூத்துக்கணக்கானவங்க செத்தாங்க, அதை மறைக்க முடியாது. அந்த எச்சரிக்கை மட்டும் இல்லன்னா கூடுதலா குறைஞ்சது 5,000 பேர் போயிருப்பாங்கங்கிறது அவங்க மதிப்பீடு.

இதுல மனசை அறுக்கிற ஒரு விஷயம். அந்த வீடியோ எடுத்த மாரிஸ் கிராஃப்ட்டும் அவர் மனைவி கட்யாவும் பினாட்டுபோ வெடிக்கிறதுக்கு 12 நாள் முன்னாடி, ஜூன் 3-ம் தேதி, ஜப்பான்ல உன்சென் எரிமலையில செத்துட்டாங்க. அவங்களோட கூட நின்னு செத்தவர் ஹாரி கிளிக்கன். 1980-ல ஜான்ஸ்டனுக்கு இடம் விட்டுட்டு வந்தாரே, அதே ஆள். பதினோரு வருஷம் அவர் செயின்ட் ஹெலன்ஸ் சரிவோட மண்ணைத் தான் ஆராய்ஞ்சுட்டு இருந்தார், உலகத்துல மத்த எரிமலைகள்லயும் அதே மாதிரி பழைய சரிவுகளை அடையாளம் கண்டுபிடிக்கிறதுக்கு அவர் வேலை பெரிய துணை. அதைப் படிச்ச அன்னைக்கு வேற எதுவும் செய்ய முடியல எனக்கு.

எரிமலைன்னா செய்தியாவது ஆகும். ஆறு அளக்கிறவங்களை யாரு கேக்கப் போறா? நியூ மெக்ஸிகோவுல எம்புடோங்கிற இடத்துல ரியோ கிராண்டே ஆத்துல 1889-ல முதல் நீரளவு நிலையம் வெச்சாங்க, இன்னைக்கும் அங்க அளக்கிறாங்க. நாடு முழுக்க இப்ப 8,000-க்கு மேல. தண்ணி மட்டத்தைக் கருவி தானா எடுத்து அனுப்பிரும், ஆனா எவ்வளவு தண்ணி போகுதுங்கிறது மட்டத்தை வெச்சு மட்டும் தெரியாது, ஆள் தண்ணியில இறங்கணும். பழைய முறையில ஆத்துக்குக் குறுக்க கயித்தைக் கட்டி, இருபது முப்பது இடமா பிரிச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஆழத்துல பத்துல ஆறு பங்குக்கு, தண்ணி வேகத்தை அளக்கிற ஒரு மீட்டர் கருவியை இறக்குவாங்க. அதுல ஆறு சின்னக் கிண்ணம் இருக்கும், தண்ணி வேகத்துக்கு சுத்தும், ஒரு சுத்துக்கு ஒரு க்ளிக், ஹெட்ஃபோன்ல கேட்டு எண்ணணும், ஸ்டாப்வாட்ச் இன்னொரு கையில. இப்ப ஒலி அலை விட்டு அளக்கிற கருவி வந்துருச்சு, படகுல வெச்சு இழுத்தா போதும். ஆனா ஆத்துப் படுகை மாறிட்டே இருக்கும், ஒரு வெள்ளம் வந்தா மணல் இடம் மாறிரும், அதனால ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை யாராவது போய் மறுபடி அளந்து கணக்கைத் திருத்தணும். பனியிலயும் போகணும், வெள்ளத்துலயும் பாலத்து மேல நின்னு அளக்கணும், சொல்லப்போனா வெள்ளத்துல எடுக்கிற அளவுதான் தங்கம், வெள்ள எச்சரிக்கை குடுக்கிறவங்களும் பாலம் கட்டுறவங்களும் அதை நம்பித்தான் இருக்காங்க.

இந்த டேட்டா யார் வேணா, எந்த நாட்டுல இருந்து வேணா, இந்த நிமிஷம் திறந்து பார்க்கலாம். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இங்க ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆத்தோட பழைய வெள்ள அளவு கேட்டு ஒரு ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டு நடையா நடந்திருக்கேன், கடைசியில கைக்கு வந்தது பாதி வருஷம் காணாம போன ஒரு ஜெராக்ஸ் கட்டு. அளந்தவங்க மேல எனக்கு குறையே இல்ல, யாரோ மழையில நின்னு தான் அளந்திருக்காங்க, அது பீரோவுக்குள்ள போய் முடிஞ்சது தான் வலிக்குது.

இப்ப பறவைக்கு வர்றேன், பட்ஜெட் விஷயமும் இங்கதான் வருது.

1956 டிசம்பர்ல பசிபிக் நடுவுல மிட்வே தீவுல சாண்ட்லர் ராபின்ஸ்னு ஒரு பறவை விஞ்ஞானி லேசன் அல்பட்ராஸ்ங்கிற ஒரு கடல் பறவையோட காலுல நம்பர் போட்ட வளையம் மாட்டினார், ஆயிரக்கணக்குல போட்டதுல அது ஒண்ணு. 2002-ல, 46 வருஷம் கழிச்சு, அதே தீவுல அவரே ஒரு பறவையைப் பிடிச்சு வளையத்தைப் பார்க்கிறார், அப்புறம் பழைய பதிவேட்டைப் பின்னாடி பின்னாடி தேடிப் போனா அது அவர் 1956-ல வளையம் போட்ட அதே பறவை. விஸ்டம்னு பேர் வெச்சிருக்காங்க. அந்த இனம் அஞ்சு வயசுக்கு முன்னாடி முட்டை போடாது, அதை வெச்சுக் கணக்குப் போட்டா 2024 கடைசியில அது ஒரு முட்டை போட்டப்ப வயசு 74-ஆவது இருக்கணும். தெரிஞ்ச காட்டுப் பறவைகள்லயே மூத்தது அதுதான். ஒரு அல்பட்ராஸ் இவ்வளவு வருஷம் வாழும், இந்த வயசுலயும் குஞ்சு பொரிக்கும்னு நமக்குத் தெரிஞ்சதுக்கு ஒரே காரணம், வளைய நம்பரை எழுதின ரெஜிஸ்டரை இத்தனை வருஷமா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காப்பாத்தி வந்தது தான். 1920-ல ஆரம்பிச்ச அந்த வளைய ஆபீஸ், மேரிலேண்ட்ல, இப்ப யுஎஸ்ஜிஎஸ் கையில.

அதே ராபின்ஸ் தான் 1966-ல இன்னொரு வேலையை ஆரம்பிச்சு வெச்சார், பறவைக் கணக்கெடுப்பு. ஒரு ரோட்டுல கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், நடுவுல 50 இடத்துல நிக்கணும், ஒவ்வொரு இடத்துலயும் சரியா மூணு நிமிஷம், கண்ணுல பட்டது காதுல விழுந்தது எல்லாத்தையும் எழுதணும், சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சிரணும். பெரும்பாலும் தன்னார்வலர்கள், குரலை வெச்சே பறவையைச் சொல்லத் தெரிஞ்சவங்க, அதே ரோட்டுல வருஷா வருஷம். இப்படி சேர்ந்த கணக்கை முதுகெலும்பா வெச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு, 1970-ல இருந்து அமெரிக்கா கனடாவுல கிட்டத்தட்ட 300 கோடி பறவை குறைஞ்சு போச்சு, நாலுல ஒரு பங்குக்கு மேல. இதுல முக்கியமானது, அழிஞ்சு போற அபூர்வப் பறவை மட்டும் இல்ல, குருவி மாதிரி தினம் பார்க்கிற சாதாரணப் பறவைங்க தான் ஏகப்பட்டது குறைஞ்சிருக்கு. தினம் பார்க்கிறது குறையுறது கண்ணுக்குத் தெரியாது, எண்ணினவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

2026 நிதியாண்டுக்கான அதிபரோட பட்ஜெட் முன்மொழிவுல வெட்டச் சொன்னது இந்தப் பிரிவைத் தான். யுஎஸ்ஜிஎஸ்ஸோட உயிரியல் பகுதி மொத்தத்துக்கும் நிதி வேண்டாம்னு 2025-ல அதிபர் தரப்பு கேட்டுச்சு, எரிமலை நிலநடுக்கம் கனிமம் இருக்கட்டும், பறவையும் வவ்வாலும் எதுக்குங்கிற தொனியில. எனக்கு இது கொஞ்சமும் ஒத்துக்க முடியல. 2006-ல நியூயார்க் மாகாணத்துல ஒரு குகையில வவ்வாலுங்க மூக்குல வெள்ளைப் பூஞ்சையோட முதல்முதலா தெரிஞ்சுது, அந்தப் பூஞ்சை எதுன்னு கண்டுபிடிச்சதுல மேடிசன்ல இருக்கிற இவங்க காட்டுயிர் நோய் ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு, லட்சக்கணக்குல வவ்வால் செத்திருக்கு, வவ்வால் தின்னாத பூச்சி நேரா வயலுக்குத்தான் போகும், விவசாயி மருந்துக்குக் காசு போடணும். பறவைக் காய்ச்சல் எங்க பரவுதுன்னு பார்க்கிறதும் அதே ஆய்வகம். இதுல எது இயற்கை அபாயம், எது காட்டுயிர், எது வளம்னு எப்படிக் கோடு கிழிப்பீங்க? அதோட, கணக்கெடுப்பை ஒரு நாலு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் பணம் வந்ததும் ஆரம்பிச்சுக்கலாம்னா, அந்த நாலு வருஷத்தை எந்தக் காசு குடுத்தும் வாங்க முடியாது. கட்டடம்னா பின்னாடி கட்டிக்கலாம், 2026 ஜூன்ல அந்த ரோட்டுல எத்தனை குருவி கத்துச்சுங்கிறதை 2030-ல போய் எண்ண முடியாது இல்லையா.

கடைசியா நம்ம ஊருக்கு நேரா வந்து சேர்ந்த ஒண்ணு, லேண்ட்சாட். பூமியை வானத்துல இருந்து தொடர்ந்து படம் எடுக்கணும்னு 1966-ல விடாப்பிடியா நின்னவர் யுஎஸ்ஜிஎஸ் டைரக்டர் வில்லியம் பெகோரா, 1972 ஜூலை 23-ல முதல் சேட்டிலைட் போச்சு. நாசா செஞ்சு அனுப்பும், யுஎஸ்ஜிஎஸ் நடத்தும், படம் எல்லாம் தெற்கு டகோட்டாவுல சியூ ஃபால்ஸ்ல சேரும். ஒரு படம் 600 டாலர்னு வித்த காலம் இருந்துச்சு, எங்க சீனியருங்க டிபார்ட்மென்ட்ல இருந்த ரெண்டு மூணு சிடிக்கு ஏத்த மாதிரி தான் ப்ராஜெக்ட் தலைப்பே எடுப்பாங்க. 2008-ல மொத்த ஆர்க்கைவையும் இலவசமா திறந்து விட்டாங்க. எங்க துறையில அதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னாடின்னு காலத்தையே பிரிக்கலாம், இன்னைக்கு நம்ம காலேஜ்ல ஏரி, சதுப்பு நிலம், கடற்கரை அரிப்புன்னு நடக்கிற ஆராய்ச்சியில பெரும்பகுதி இந்தப் படங்கள்ல தான் நிக்குது.

நீங்களே பார்க்கலாம், படிப்பெல்லாம் தேவையில்ல. யுஎஸ்ஜிஎஸ்ஸோட எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்துல இலவசமா ஒரு அக்கவுன்ட் போடுங்க, சென்னைன்னா பாத் 142, ரோ 51 (பூமியில எந்த இடத்துப் படம்னு சொல்ற கட்ட நம்பர்). 90-கள்ல எடுத்த ஒரு லேண்ட்சாட் 5 படம், இப்ப எடுத்த ஒரு லேண்ட்சாட் 9 படம், ரெண்டுமே ஜனவரி இல்ல பிப்ரவரியா எடுங்க, அப்பதான் மேகம் கம்மி, ஏரியிலயும் தண்ணி இருக்கும். லேண்ட்சாட் 7-ஐ எடுத்தா 2003 மே மாசத்துக்கு அப்புறம் உள்ள படத்துல கோடு கோடா இருக்கும், ஒரு பாகம் பழுதாயிருச்சு, அதைப் பார்த்து உங்க கம்ப்யூட்டர்ல தப்புன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனித்தனியா எடுக்கிற படத்தை பேண்ட்னு சொல்வாங்க, பழைய படத்துல பேண்ட் 4, 3, 2, புதுசுல 5, 4, 3 போட்டீங்கன்னா பச்சை எல்லாம் சிவப்பாத் தெரியும், தண்ணி கறுப்பாத் தெரியும். பள்ளிக்கரணையில இருந்து ஆரம்பிச்சு ஓஎம்ஆர் பக்கமா நகர்ந்து பாருங்க. வேற ஊர்க்காரங்க உங்க ஏரி பேரை எனக்கு எழுதுங்க, பாத் ரோ நம்பரும் மேகம் இல்லாத தேதியும் நான் தேடி எடுத்துத் தர்றேன்.